மைனி சிரித்துக்கொண்டு சாகவில்லை

பாசத்துக்குரிய என் மைனிக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களைப் பற்றி ஒரு பொய் உடும்பஞ்சோலைப் பக்கமெல்லாம் பரவிவிட்டது. நீங்கள் வேதாகமச் சங்கீதம் சொல்லிக்கொண்டே, சிரித்த முகத்தோடு கர்த்தரிடம் போனீர்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஏலக்காட்டில் பாம்பு உங்கள் காலைத் தீண்டியபோது பக்கத்து வரிசையில் நின்றவள் நான். மேனேஜரிடம் ஓடிப்போய் ஜீப்புக்காகக் கெஞ்சியவளும் நான். ஜீப் ஸ்டோர் வாசலில்தான் நின்றது. "கெஸ்ட்டு வர்ற நேரம், வண்டி தர முடியாது" என்றார். உங்கள் புருஷன், என் அண்ணன், இன்னும் மூன்று பேரோடு உங்களைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்; நானும் கூடவே ஓடினேன். ரோட்டை எட்டுமுன் எல்லாம் முடிந்தது. வழிநெடுக நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆண்டவரே, எங்க போயிட்டீரு?" அதில் சிரிப்பு எங்கே இருந்தது?

அந்தக் கேள்வியும் சங்கீதத்தில் உள்ளதுதான் என்று எனக்குத் தெரியும். தினமும் விடியலில், வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணிக்கு முன்னால் வரிசைப்படி ஒரு சங்கீதம். நான் வாசிக்க, எழுத்துத் தெரியாத நீங்கள் வரிவரியாகத் திருப்பிச் சொல்வீர்கள். அழுகையும் கோபமுமாக ஒன்று வந்தால் நான் பக்கத்தைத் தள்ளப் பார்ப்பேன். "ஏட்டி, தரம் பாத்துப் பொறுக்க இது என்ன ஏலக்காயா? வந்தத வாசி" என்பீர்கள்.

போன ஞாயிறு உங்களுக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள். முன்வரிசை நாற்காலியில் மேனேஜர். உபதேசியார் அதே கதையைத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, மைனி சிரிக்கல. ஜீப்பு தராததால செத்தாங்க."

"உக்காரும்மா. ஆறுதலா ஒரு சங்கீதம் வாசி, போதும்."

அன்றைய முறைக்கு எது வந்ததோ அதையே வாசித்தேன். ஏன் தூரத்தில் நிற்கிறீர், எளியவனை நசுக்குகிறவனைப் பார்க்கவில்லையா என்று கடவுளையே கேட்கிற சங்கீதம். ஒரு வரியையும் விடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதியிலேயே மேனேஜர் எழுந்து போனார்.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கத்தினார்: "எமர்ஜென்சி நேரம்ட்டி! புடிச்சி உள்ள போட்டா யாரு கேப்பா?"

மறுநாளே என்னை மேல்காட்டுச் செங்குத்துச் சரிவுக்கு மாற்றினார்கள். அண்ணனிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பாம்பு கடித்த இடத்திலேயே உயிர் போய்விட்டது, யாரும் வண்டி கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. பயந்த மனிதர், கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். போடவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேதாகமத்தைத் தொட்டே பார்க்காதவர், அடுத்த நாள் விடியலில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எனக்கும் வாசிட்டி" என்றார்.

வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் உங்கள் சாவை விசாரிக்க வருகிறார். என்ன நியாயம் கிடைக்குமோ, தெரியவில்லை. கர்த்தர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அதையும் அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். விசாரணையில் கண்டதைக் கண்டபடி சொல்வோம் மைனி, அண்ணனும் நானும். வேலை போனாலும் சரி.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர்