கரைவலை ஐயா இல்லை, மரகதம்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நெரவி வாய்க்கால் நிரம்பிவிட்டது. துணி காயவில்லை. வாங்க: உளுந்து, கொசுவத்தி, ஸ்கூட்டிக்கு ரெயின் கோட்.

மரகதம் போய் இன்றோடு பதினோரு நாள். நேற்று கருக்களாச்சேரியில் அவள் வீட்டுக்குப் போய் வந்தேன். அவள் மகள் தேவி நாகப்பட்டினத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். அழவில்லை. அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள். "யாராவது கூப்புட்டா எடுத்து சொல்லணும்ல" என்றாள்.

மதியம் கல்லூரி லைப்ரரியில் கூட்டம் இல்லை. களஞ்சியத்தைத் திறந்தேன். இணையத்தில் ஆளாளுக்கு எழுதிச் சேர்க்கிற கலைக்களஞ்சியம். அதில் மரகதத்தின் பெயர் 'கரைவலை'. போன வாரம் 'கரைவலை காலமானார்' என்று நான் போட்ட ஒரு வரிக்குக் கீழே, அவள் பக்கம் முழுக்க அஞ்சலி.

"கரைவலை ஐயாவின் மறைவு ஈடு செய்ய முடியாதது."
"ஐயாவின் மீன் கட்டுரைகளைப் படித்தே நான் எழுத வந்தேன்."
"ஐயா எனக்குத் தந்தை மாதிரி."

பதினோரு வருடம் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "பொம்பளைன்னு தெரிஞ்சா வாதம் பண்றப்ப வேற மாதிரி பேசுவாங்க வசந்தி. ஐயாவாவே இருந்துட்டுப் போறேன்" என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. கீழே எழுதினேன்: "ஐயா இல்லை. மரகதம். கருக்களாச்சேரி அங்கன்வாடியில் வேலை பார்த்தவர்."

பத்து நிமிடத்தில் பதில். "இதற்கு ஆதாரம் உண்டா?"

நான் வாய்க்கரிசி போட்டேன். அது போதுமா உங்களுக்கு?

அதை எழுதவில்லை. மூடிவிட்டேன். 

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். கல்லூரியில் இரண்டு முறை கரண்ட் போனது.

விலங்கியல் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். லைப்ரரிக்கும் அவர்தான் பொறுப்பு (இனி து.த., அவர் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்). மரகதத்துக்கு நினைவேந்தல் கூட்டமாம். திங்கட்கிழமை, கல்லூரி அரங்கில், அவர் தலைமையில்.

"நம்ம மண்ணோட ஆளு. உலகம் பூரா படிக்கிறாங்க. நாம செய்யலேன்னா எப்படி? மேடம், அந்தம்மா உங்களுக்குப் பழக்கம்தானே. நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க. குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துடுங்க."

சரி சார் என்றேன்.

"வர்றவங்களுக்கு நம்ம புஸ்தகத்தையும் ஒண்ணொண்ணு குடுத்துடலாம்."

அதற்கும் சரி சார் என்றேன். என்ன பிறவி நான்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்று எழுத முடியாது.

நவம்பர் 7, வெள்ளி

பேசுவதற்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன்.

- மரகதம். வயது 54. கணவர் கடலில் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள்.
- லைப்ரரிக்கு முதலில் வந்த நாள்: மீன் புத்தகம் கேட்டாள். மாணவர் இல்லை, உள்ளே விடக் கூடாது. விட்டேன். மூன்று மணி நேரம் நின்றபடியே படித்தாள். உட்காரச் சொன்னதற்கு, "சேலையில மீன் வாடை, நாற்காலிக்கு வேணாம்."
- காலையில் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது போனில் படம் எடுப்பாள். காரல், கிழங்கான், மடவை, சூடை, திருக்கை. ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு ஊரில் என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.
- கட்டைவிரலால் தட்டியே அத்தனையும் எழுதினாள். கம்ப்யூட்டர் கிடையாது.
- என்னையும் எழுத வைத்தாள். "புஸ்தகத்துக்குள்ளயே கெடக்குறீங்க, ஒரு வரி போடக் கூடாதா?"

இதுவரை எழுதியது பேச்சுக்கு. இனி எழுதுவது எனக்கு.

போன வருடம் து.த. ஒரு கட்டு கையெழுத்துப் பிரதி கொடுத்தார். "மேடம், உங்க டைப்பிங் சுத்தமா இருக்கும்." நம் கடற்கரை மீன்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம். மூன்றாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மரகதத்தின் வரிகள். ஒரு சொல் மாற்றி, ஒரு சொல் மாற்றாமல். படங்களும் அவளுடையவை, ஓரம் வெட்டியவை.

அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "எடுக்கட்டும். எடுக்கத்தானே எழுதுறோம். எங்கேர்ந்து எடுத்தோம்னு போடணும், அதான் கணக்கு. எம் பேருகூட வேணாம், களஞ்சியம்னு போட்டா போதும். சொல்லிடுங்க அவர்கிட்ட."

சொன்னேன். ஒரே ஒரு முறை. "பாத்துக்கலாம் மேடம்" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. ஒப்பந்த வேலை, டிசம்பருக்கு டிசம்பர் அவர் பரிந்துரைக்க வேண்டும். உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை தட்டிக் கொடுத்தேன். எழுத்துப் பிழைகூடத் திருத்தினேன்.

புத்தகம் வந்தது. களஞ்சியம் என்ற சொல்லே இல்லை. முன்னுரையில் எனக்கு மட்டும் நன்றி.

மரகதம் லைப்ரரியிலேயே அதைப் புரட்டினாள். 43ஆம் பக்கத்தில் நின்றாள். "கத்தாளைன்னு போட்டு பன்னா மீன் படம் இருக்கு. அது என்னோட பழைய தப்பு. நான் மாத்திட்டேன், இவரு அதுக்கு முன்னயே எடுத்து வெச்சிருப்பாரு, மாத்தலை. படிக்கிற புள்ளைங்க தப்பா படிக்கும். அதை மட்டும் சொல்லுங்க."

அவளே ஆரம்பத்தில் அப்படிப் போட்டிருந்தாள். ஏலக்காரர் ஆறுமுகம் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "பல்லைப் பாரும்மா, கோரப்பல்லு நீட்டிக்கிட்டு நிக்குது. இது பன்னா" என்றிருக்கிறார். அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டாள். காரணமும் எழுதி வைத்தாள்: "படம் தவறு. என் பிழை. ஆறுமுகம் அண்ணன் சொன்னார்." களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் இன்றும் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

நான் அதையும் து.த.விடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம். ஐந்து மாதம். அவள் செத்துப் போனாள்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. தலைவலி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் இருபத்தாறு வருடம் யாரையும் பகைக்காமல் ஓட்டிய மனிதர்.

"செத்தவங்களுக்கு இனிமே என்ன வரப்போவுது? அந்தம்மாவே விட்டுட்டாங்கல்ல."

"அவங்க விட்டாங்க. நான் விடணுமா?"

"டிசம்பர் வருது வசந்தி."

இந்த வீட்டில் டிசம்பர் என்பது ஒரு மாதம் இல்லை. பூச்சாண்டி.

சாம்பாரில் உப்பு இல்லை என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

நடந்தது நடந்தபடி.

அரங்கம் பாதி நிறைந்தது. பெரும்பாலும் மாணவர்கள், வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி வரவழைத்தவர்கள். முன்வரிசையில் தேவி, பக்கத்தில் ஏலக்காரர் ஆறுமுகம், வெள்ளைச் சட்டையில். பேனரில் மரகதத்தின் படம், ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கியது, முகமே தெரியவில்லை. கீழே து.த. படம் பளிச்சென்று.

து.த. நாற்பது நிமிடம் பேசினார். மரகதத்தைப் பற்றி ஐந்து நிமிடம் இருக்கும். "ஏட்டறிவு இல்லாவிட்டாலும் ஆர்வம் இருந்தது" என்றார். பதினோரு வருடம் எழுதியவளுக்கு ஆர்வம். அவளைப் பார்த்து எழுதியவருக்கு ஆய்வு. "இக்கடற்கரையின் மீன்களை முதன்முதலில் தமிழில் தொகுத்தது நம் துறை" என்று முடித்தார். கைதட்டல். தேவிக்குச் சால்வை. தேவியின் கையில் அந்தப் புத்தகம்.

பிறகு என்னை அழைத்தார்.

குறிப்புத் தாளைப் பிரித்தேன். முதல் வரியோடு மடித்துவிட்டேன். "எல்லாரும் 43ஆம் பக்கம் எடுங்க" என்றேன். மாணவர்கள் எடுத்தார்கள், பாவம், பழக்கம்.

"இதில் இருப்பது கத்தாளை இல்லை, பன்னா. இந்தத் தப்பை முதலில் செய்தது மரகதம். ஏழு வருடத்துக்கு முன்னால். அவங்க திருத்திட்டாங்க. திருத்துவதற்கு முன்னால் இருந்த பக்கம் அப்படியே இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மற்ற பக்கங்களும் அவங்களுடையதுதான். அவங்க பெயர் எங்கேயும் இல்லை."

து.த. உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்தார். சிரித்த முகம். "மேடம் உணர்ச்சிவசப்படுறாங்க. பொதுவுல இருக்குறதை யாரு வேணாலும் எடுத்துக்கலாம். அதானே அதோட கொள்கை?"

"எடுத்துக்கலாம் சார். யாருகிட்டேர்ந்து எடுத்தோம்னு சொல்லணும். அதுவும் கொள்கைதான்."

"ஒரே தகவல் ரெண்டு பேருக்குக் கெடைக்கக் கூடாதா?"

"தகவல் கெடைக்கும் சார். தப்பு எப்படி சார் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கெடைக்கும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். து.த. சிரிக்கவில்லை.

அப்போதுதான் தேவி எழுந்தாள். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்திருந்தாள். மைக் இல்லை, ஆனாலும் கேட்டது.

"இது எங்கம்மா வெரலு."

படத்தில் மீனைப் பிடித்திருக்கிற கட்டைவிரல். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்தது. ஓரத்தை வெட்டியவர்கள் விரலை விட்டுவிட்டார்கள். நான் அத்தனை பக்கம் டைப் அடித்தேன், பார்க்கவே இல்லை.

ஆறுமுகம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "ஆமா. மரகதம் கைதான்" என்றார். சால்வையை மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தேவியைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

வாசலில் தேவி என் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்காக நீங்க ஒருத்தங்கதான் பேசுனீங்க அக்கா."

கையை விடுவித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி மழை. பள்ளிகளுக்கு விடுமுறை, கல்லூரிக்கு இல்லை.

வழியெல்லாம் பாராட்டு. கேண்டீன் அம்மா: "சரியா கேட்டீங்க மேடம்." வரலாற்றுத்துறை சார், கதவைச் சாத்திக்கொண்டு: "ரொம்ப நாளா யாராவது கேக்கணும்னு இருந்தேன்." ரொம்ப நாளாக இருந்தாராம். நீங்கள் கேட்டிருக்கலாமே. நான் கேட்டிருக்கலாமே.

தைரியசாலி என்கிறார்கள். பாராட்டு ஒவ்வொன்றும் அறை மாதிரி விழுகிறது.

து.த. வரவில்லை. அடுத்த பதிப்பில் 'நன்றி' சேர்ப்பார் என்று ஆள் விட்டுச் சொன்னார். அடுத்த பதிப்பு எப்போது? இருப்பதே விற்கவில்லை.

லைப்ரரியில் இருக்கிற பிரதிகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒரு சீட்டு டைப் செய்து வெட்டினேன்: "இந்நூலின் மீன் கட்டுரைகளும் படங்களும் இணையக் கலைக்களஞ்சியத்தில் 'கரைவலை' என்ற பெயரில் கருக்களாச்சேரி மரகதம் எழுதியவை. பக்கம் 43இல் உள்ள மீன் பன்னா." ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஒட்டினேன். பசை போதவில்லை. கேண்டீனில் சோறு வாங்கி மிச்சத்தை ஒட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்

மெமோ. "நூலகச் சொத்தைச் சிதைத்தது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம்."

சிதைத்தேனாம்.

எழுதினேன்: ஒட்டியது நான்தான். சீட்டில் உள்ளவை உண்மை. எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். இந்த நூலைத் தட்டச்சு செய்ததும் நானே, செய்யும்போதே எனக்குத் தெரியும்.

கடைசி வரியை வீட்டுக்காரர் படித்தார். "இது எதுக்கு? இதை யாரும் கேக்கலியே."

கேட்கவில்லை. அதுதான் தொந்தரவு.

கூட்டத்தில் நடந்தது களஞ்சியம் வரை போயிருக்கிறது. அங்கே ஆதாரம் கேட்டவர் மன்னிப்பு எழுதியிருக்கிறார். 'ஐயா' எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து 'அம்மா' என்று மாற்றியிருக்கிறார்கள். அதற்கும் கோபம்தான் வந்தது. அவள் பெயர் மரகதம். அதை எழுத என்ன கஷ்டம்.

நவம்பர் 15, சனி

வெயில். கடல் இரைச்சல் ரோடு வரைக்கும். கருக்களாச்சேரி போகும் வழியில் ஸ்கூட்டி இரண்டு முறை அணைந்தது.

தேவி நாளை நாகப்பட்டினம் திரும்புகிறாள். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். காபி போட எழுந்தாள், வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். டைப் அடித்தது நான். அப்போதே தெரியும். ஒரு முறை சொன்னேன், அப்புறம் பயந்துவிட்டேன். 43ஆம் பக்கத்தைத் திருத்தச் சொல்லி அம்மா கேட்டதை ஐந்து மாதம் சொல்லவே இல்லை.

துணி மடிப்பதை நிறுத்தவில்லை அவள்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"டைப் அடிச்சது தெரியும். நான் மறுபடி சொல்லலேங்கறது தெரியாது. சொல்லிருப்பேன்னு நம்பிட்டு இருந்தாங்க."

"உங்ககிட்ட கோவப்பட்டாங்களா?"

"இல்ல."

"படமாட்டாங்க. அவங்க அப்படி." ஒரு சேலையை எடுத்து நீளமாக மடித்தாள். "எனக்குக் கோவம் வருது அக்கா. நிறைய வருது. நீங்க இப்ப கெளம்புங்க."

கிளம்பினேன். வாசல் வரை வந்தாள். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டாள்.