இடது கால் பிரேக்

ஒக்டோபர் 9, செவ்வாய்

அழகு, விடிஞ்சதுலேருந்து மழை. உன் வண்டிக்குக் கீழ வச்ச பால் டின் நிறைஞ்சு வழிஞ்சிருச்சு. பாதி எண்ணெய், பாதி கூரைத் தண்ணி. கொட்டிட்டு வேற டின் வச்சேன். நீ போய் ரெண்டு மாசம். ஓடாத வண்டி ஏன் ஒழுகுதுன்னு தெரியல. ஒழுகுது.

(நாலு பேர் முன்னால உன்னை வாங்க போங்கன்னுதான் சொல்லுவேன். இந்தக் கொப்பியில நீ. மூணாம் வகுப்பு எழுத்து, பிழை பார்க்க ஆள் இல்லை.)

இடியப்பம் அவிச்சு சந்திக் கடைக்குக் குடுத்தாச்சு. மா ஈரம். பிழிஞ்சு கை வலி.

அப்புறம் உன் தம்பி செல்வம் வந்தான். நடந்து, நனைஞ்சு. அவனோட ஜப்பான் வண்டி இன்னும் மடவளையில ரஹீம் நானா கராஜ்ல கிடக்கு. நீ விழுந்த அன்னைக்கு லொறியில ஏத்திக் கொண்டுபோய்ப் போட்டது. இவன் ஒரு நாள்கூட அதைப் போய்ப் பார்க்கல.

பிளேன்டி குடுத்தேன். குடிக்கல. உன் வண்டியவே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அண்ணி, திங்கக்கிழமையிலேருந்து நான் அண்ணன் வண்டியிலதான் வேலைக்குப் போகப்போறேன்."

"எதுல?"

"இதுல. அந்த ஜப்பான் சனியன்ல இனி ஏற மாட்டேன்."

"உனக்கு இது வராது செல்வம்."

"ரெண்டு சக்கரம்தானே அண்ணி. யானையா?"

யானைதான். நீயே சொல்லுவ. ஹந்தானைத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போறப்ப உனக்கு வித்துட்டுப் போன இங்கிலீசு யானை.

ரெண்டு பேரும் வாசல்ல நின்னு போட்ட சண்டை காதுலயே கேக்குது. அவன்: "உன் கிழவியை மழையில கிளப்ப ஊரே சேர்ந்து தள்ளணும். என்னுது ஒரே உதை." நீ: "தள்ளினாலும் மேட்டுல ஆளையும் அரிசி மூட்டையையும் ஏத்துதுல்ல? உன் தையல் மெசின் ஏறுமாடா?" அவன்: "எண்ணெய் கக்குதே!" நீ: "உழைக்கிறவனுக்கு வேர்க்கத்தான் செய்யும்." சிரிச்சுச் சிரிச்சு எனக்கு ரொட்டி கருகும்.

ஆகஸ்டுல அந்த மழை நாள் உன் கிழவி கிளம்பல. மர ஆலைக்கு நேரமாச்சுன்னு நீ குதிச்ச. "என்னுத எடுத்துட்டுப் போண்ணே"ன்னு அவன்தான் நீட்டினான்.

இன்னைக்கு இதுக்கு மேல வேணாம்.


10, புதன்

மழை விட்டிருக்கு. சேலை காயல.

வாங்க வேண்டியது: மா, சீனி, மண்ணெண்ணெய், ஊசி.

கடையில பின் பக்கமா கூடையை இறக்கினேன். நான் நிக்கிறது தெரியாம முன்னால பேச்சு. "அழகர் கால் போத்தலாவது போட்டிருப்பான். இல்லாட்டி இத்தனை வருசம் போன வளைவு எப்படித் தப்பும்?" இன்னொருத்தன்: "பொண்டாட்டிக்குத் தெரியாம போட்டிருப்பான், பாவம்." கடைக்காரருக்குத் தெரியும் நீ குடியை விட்டது. அவரு தேத்தண்ணி ஆத்திக்கிட்டே இருந்தாரு.

நான் கூடையை வச்சுட்டு வந்துட்டேன். சீனி வாங்க மறந்தாச்சு.

செல்வத்துக்கு வேற கணக்கு. "பிரேக் கட்டை தேஞ்சிருந்திச்சு அண்ணி. மாத்தணும் மாத்தணும்னே இருந்தேன்." செத்த வீட்டுல அதையே சொல்லிக்கிட்டு சுவர்ல தலையை முட்டினான். இப்பச் சொல்றதில்லை. அது இன்னும் பயமா இருக்கு.


12, வெள்ளி

கோவிலுக்குப் போகல.

செ. இன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து உன் வண்டியை வெளிய இழுத்தான். கிக் அடிச்சான், அடிச்சான். கிளம்பல. ஒரு தரம் கிக் திருப்பி அவன் முழங்காலுக்குக் கீழ அடிச்சது. லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்தாச்சு. மூணாம் வீட்டு மேரி அக்கா: "செல்வம், கிழவிக்கு உன்னைப் பிடிக்கலடா. வெத்தில பாக்கு வச்சுக் கேளு!" எல்லாருக்கும் சிரிப்பு. அவனுக்கும்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அந்தச் சின்னக் குமிழை அமுக்கு. கையில பெட்ரோல் படுற வரைக்கும். அப்புறம் மெதுவா மிதிச்சுப் பார்த்து, எங்க இறுகுதோ அங்கேருந்து ஒரே மிதி." நீ செய்யறதைப் பார்த்துப் பார்த்துப் படிச்சது.

ஒரே மிதி. கிளம்பிருச்சு.

அந்தச் சத்தம். அழகு, அந்தச் சத்தம். நான் வீட்டுக்குள்ள போயிட்டேன்.

சந்தி வரைக்கும் போயிட்டு வரேன்னு போனான். நேரமாச்சு. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். வந்தான். முகம் வெளிறிப்போய். சிரிக்கிறான்.

"பால் வண்டி ஒண்ணு திடீர்னு குறுக்க வந்திருச்சு அண்ணி. பிரேக்கை மிதிச்சா நிக்கவே இல்லை. கியர் மாறுது! ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள விட்டுத்தான் நிறுத்தினேன்."

"எந்தக் காலால மிதிச்ச?"

"வலது. வலதுதானே பிரேக்."

"இந்த வண்டிக்கு இடது."

"தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் போனேன். அந்த நேரம் கால் கேக்கல."

கையில இருந்த அகப்பை விழுந்திருச்சு. சூடுன்னு சொன்னேன்.

சூடு இல்லை. நான் எப்பவும் உன் பின்னால ஒருபக்கமா உக்காருவேன், ரெண்டு காலும் இடது பக்கம். என் சேலைக் கரைக்கு முன்னால உன் இடது சப்பாத்து. ஒவ்வொரு வளைவுலயும் அது அமுங்கும். வேற எங்க பார்க்கிறது, பள்ளத்தைப் பார்த்தா தலை சுத்தும், உன் சப்பாத்தைத்தான் பார்ப்பேன். அது அமுங்கினா வண்டி அடங்கும். எனக்கு பிரேக்குன்னா உன் இடது கால்.

அப்ப செல்வம் வண்டிக்கு வலது கால். நீ அன்னைக்கு ஏறினது செல்வம் வண்டி.

அவன் போன பிறகு பிளக்கைக் கழட்டினேன். நீ ராத்திரியில கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவியே, அதே மாதிரி. சாவி இல்லாத வண்டிக்கு அதுதான் பூட்டு. அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வச்சாச்சு.


13, சனி

காலையில வெயில். கண்டிக்கு இறங்கி மடவளை பஸ். கூட்டம். ஒரு அம்மா மடியில கோழி, அது என் கையைக் கொத்திச்சு.

ரஹீம் நானா கதிரையைத் துடைச்சுப் போட்டாரு. "இரிங்க தங்கச்சி." மகள் தேத்தண்ணி கொண்டுவந்தா. ஜப்பான் வண்டி மூலையில, சாக்கு போட்டு மூடி. நான் அந்தப் பக்கம் திரும்பாமத்தான் கேட்டேன்.

"நானா, பிரேக் இல்லையா அதுல?"

"யாரு சொன்ன? கட்டை தேஞ்சு ஈக்கிது, ஆனா பிடிக்கும். நான் தள்ளிப் பாத்தேன். நல்லாப் பிடிக்கிது."

"இதை செல்வத்துக்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு வந்தாத்தானே சொல்லலாம். ரெண்டு தரம் ஆள் அனுப்பினேன். வரல்ல."

அப்புறம் தாடியைத் தடவிக்கிட்டு இருந்தாரு. "ஒண்டு ஈக்கிது. வண்டி வந்த நேரம் ஒண்ணாம் கியர்ல ஈந்திச்சு. எறக்கத்துல வாற மனுசன் அந்த வேகத்துல ஒண்ணாம் கியர் போடுவாரா?"

நான் என் இடது காலைத் தரையில அமுக்கிக் காட்டினேன். அவருக்கு விளங்கிருச்சு.

"ஓ. இங்கிலீசு வண்டிப் பழக்கம். இடது காலால அமுக்கினா, ஜப்பான்ல அது கியரு. பின்சக்கரம் இழுத்துப் போட்டிரும்." உடனே கையை ஆட்டினாரு. "ஆனா தங்கச்சி, விழுந்த அடியிலயும் கியர் மாறி ஈக்கலாம். நான் கண்ணால காணல்ல. காணாததை உண்மைண்டு சொல்லமாட்டேன்."

எது நல்ல வண்டின்னு கேட்டேன். ஏன் கேட்டேனோ. சிரிச்சாரு. "இங்கிலீசு வண்டியாலதான் என்ட அடுப்பு எரியிது, மாசத்துல ஒருக்கா வந்து நிக்கும். ஜப்பான் வண்டி வந்தா நான் பட்டினி. ஆனா என்ட மகனுக்கு எடுத்துக் குடுத்தது ஜப்பான்தான்." அப்புறம் உன்னை நினைச்சு மெதுவா, "உங்கட மாப்பிள்ளையும் நானும் அதைப் பத்திப் பேசாத நாள் இல்ல"ன்னாரு.

திரும்பி வர்றப்ப பஸ் டிரைவர் காலையே பார்த்துக்கிட்டு வந்தேன்.


14, ஞாயிறு

செ. வந்தான். முதல்ல வண்டி, அப்புறம்தான் நான். கிக் அடிச்சான். குனிஞ்சான். பிளக் இல்லை.

"குடுங்க அண்ணி."

"உக்காரு. முதல்ல கேளு."

சொன்னேன். கால், கியர், நானா சொன்னது எல்லாம். அவன் பிரேக்குல குத்தம் இல்லைன்னு சொன்னா அழுவான், கொஞ்சம் லேசாகும்னு நினைச்சேன். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு எழும்பிட்டான்.

"அண்ணனுக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"கடையில குடிச்சான்ங்கிறானுங்க. நீங்க கால் தப்பிச்சுங்கிறீங்க. ஆளாளுக்கு அண்ணன் மேலயே போடுங்க! என் பிரேக். நான் மாத்தல. அவ்வளவுதான். அதை என்கிட்டயிருந்து எடுக்காதீங்க."

எடுக்காதீங்கன்னா என்ன அர்த்தம் அழகு. ஒருத்தன் பழியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான், பிள்ளையைப் பிடிச்ச மாதிரி.

"பிளக்கைத் தாங்க. தராட்டி பழைய சாமான் கடையில வேற வாங்குவேன்."

வாங்குவான். உன் தம்பிதானே.

"நாளைக்குக் காலையில தாரேன். நானும் பின்னால வருவேன்."

"வேலைக்கா?"

"பீலி வளைவு வரைக்கும்."

பாறையிலேருந்து தண்ணி கொட்டுற, நீ விழுந்த அந்த வளைவுல அதுக்கப்புறம் அவனும் போய் நிக்கல, நானும் நிக்கல. நான் பஸ்ல போறப்பவும் கண்ணை மூடிக்குவேன்.

நீ இடுப்புல கட்டுற பழைய சாரத்துல ஒரு துண்டு கிழிச்சு வச்சிருக்கேன். சிவப்புக் கட்டம் போட்டது. கிழிக்கிறப்ப மனசு வரல. கிழிச்சாச்சு.


15, திங்கள்

தூறல். ரோட்டுல வழுக்கு.

இடியப்பம் இன்னைக்கு இல்லைன்னு கடைக்குச் சொல்லியாச்சு.

செ. சப்பாத்து போட்டு வந்தான். இடது காலை நீட்டச் சொன்னேன். கணுக்கால்ல சாரத்துண்டைக் கட்டினேன்.

"என்ன அண்ணி, கிடாவுக்குக் கட்டுற மாதிரி?"

"இதுதான் பிரேக். சொல்லு."

"இதுதான் பிரேக்."

"மறுபடி."

"அண்ணி!"

"மறுபடி சொல்லு."

சொன்னான். அரிசியிலேருந்து பிளக்கை எடுத்துக் குடுத்தேன். ரெண்டாம் மிதியில கிளம்பிருச்சு. ஒருபக்கமா ஏறி உக்காந்தேன், ரெண்டு காலும் இடது பக்கம். மேரி அக்கா வாசல்ல நின்னாங்க. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாங்க.

முதல் வளைவு. சிவப்புத் துண்டு அமுங்கிச்சு. வண்டி அடங்கிச்சு. அடுத்தது. அமுங்கிச்சு. நல்லாத்தான் ஓட்டினான். உன்னை மாதிரி முதுகை வளைக்கல. வேற முதுகு.

பீலிச் சத்தம் கேட்டிச்சு. கண்ணை மூடல. சிவப்புத் துண்டையே பார்த்தேன்.

வளைவு திரும்பினா நடு ரோட்டுல தேயிலை லொறி. காத்துப் போன சில்லை மாத்திக்கிட்டு நிக்குது. ஆள் ஒருத்தன் கையை வீசுறான். வண்டி உறுமிச்சு. வேகம் குறையல. சிவப்புத் துண்டு அசையல. அந்தப் பக்கம் அவன் வலது கால் மிதிக்குது, மிதிக்குது.

அவன் இடது தொடையில ஓங்கிக் குத்தினேன். "இது! இது! இதுடா!"

துண்டு அமுங்கிச்சு. பின்சக்கரம் வழுக்கி, ஆடி, லொறிக்கு ஒரு கை தூரத்துல நின்னுச்சு. எண்ணெய் வாடை.

லொறிக்காரன் சிங்களத்துல ஏசினான், அப்புறம் எங்க முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டான். தண்ணி கொண்டுவந்து குடுத்தான்.

செ. இறங்கி பீலிக்குக் கீழ உக்காந்துட்டான். அந்தத் துண்டைக் கையால பிடிச்சுக்கிட்டு.

"கட்டியிருந்துச்சு அண்ணி. சொல்லிக்கிட்டே வந்தேன். மனசுக்குள்ள இடது இடதுன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன். வலது கால் தானாப் போயிருச்சு."

"ம்."

"அண்ணனுக்கும் இப்படித்தானா?"

ரஹீம் நானா மாதிரி, நானும் காணல.

அப்புறம்தான் அழுதான். அந்த அழுகையை ரெண்டு மாசமா எங்க வச்சிருந்தானோ. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல.

வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்தோம். மேடு முழுக்க. அவன் முன்னால, நான் பின்னால கையை வச்சு. இனி ஏறல அண்ணின்னான். பிளக்கை அவனே கழட்டி என் கையில வச்சான். கையெல்லாம் கறுப்பு. சவுக்காரம் போட்டும் போகல.

வண்டிக்குக் கீழ டின் வச்சாச்சு. சொட்டுச் சத்தம் கேக்குது.

இன்னைக்கு அவனுக்குப் பின்னால நான் இருந்தேன், குத்தினேன். அன்னைக்கு உனக்குப் பின்னால யாரும் இல்லை. அழகு, அந்த வளைவுல நீ எந்தக் காலை அமுக்கின?