பூட்டிவிட்டு வந்த கார்

ஷோப்ரோன்,
ஆகஸ்ட் 7.

அன்புத் தங்கை மார்லீஸுக்கு,

அக்கா ரோஸ்வீதா எழுதுவது. வலது கடைவாயைத் தவிர மற்றபடி நான் சுகம். ஷ்டுட்கார்ட்டில் நீயும் உன் மகள் காட்யாவும் அவள் குட்டிப் பெண்ணும் சுகம்தானே?

ஹங்கேரியிலிருந்து கடிதமா என்று பதறாதே. பல் கட்டிக்கொள்ளத்தான் வந்தேன். இந்த ஊரில் இப்போது தடுக்கி விழுந்தால் பல் மருத்துவர் வாசலில்தான் விழ வேண்டும். ஆஸ்திரியாக்காரர்கள் எல்லை தாண்டி வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வந்த பேருந்து எல்லையில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. போனில் ஷோப்ரோன் என்று சொன்னாலே நீ அழுதுவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று எல்லையோரத்து அந்தப் புல்வெளிக்குப் போனேன். ஒரு குடும்பம் விரிப்பில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தது. நான் தனியாக நின்று சிரித்ததைப் பார்த்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? எண்பத்தொன்பதில் அன்றைக்குப் பிக்னிக் என்ற பெயரில் ஆஸ்திரியாவுக்குப் போகும் எல்லைக் கதவைத் திறக்கிறார்கள், காவலர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள், ஊரே ஓடுகிறது, நான் மட்டும் காரைப் பூட்டவில்லையே என்று திரும்பி ஓடுகிறேன்! வருஷக்கணக்காக வரிசையில் காத்திருந்து வாங்கிய டிராபன்ட் ஆயிற்றே. நாட்டையே விட்டுப் போகிறவள் காரைப் பூட்டுவாளா? நம் கிழக்கு ஜெர்மனிக்காரி பூட்டுவாள். நான் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். நீ மூன்று வயதுக் காட்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம், நான் சாவியோடு இந்தப் பக்கம்.

சாயங்காலம் விடுதிக்கார எதெல்காவோடு பீர் குடிக்க உட்கார்ந்தேன். நம் வழக்கப்படி கோப்பையோடு கோப்பையை இடிக்கப் போனேன். அவள் சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். "ஐயையோ, பீருல இடிக்கக் கூடாதுடியம்மா! எங்க தளபதிங்களக் கொன்னுட்டு ஆஸ்திரியாக்காரன் இப்படித்தான் இடிச்சுக் கொண்டாடினானாம். நூத்தம்பது வருஷத்துக்கு நாங்க இடிக்க மாட்டோம்னு சத்தியம்" என்றாள். அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்குமே என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சுதான். புத்திக்குத் தெரியுது, பாழாப்போன கைக்குத் தெரியலையே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் மருமகனே ஆஸ்திரியாக்காரன்தானாம். "தங்கமான பையன். ஆனா அவனோட ஒயின்தான் குடிப்பேன்" என்றாள்.

எனக்கு உடனே உன் நினைப்புதான் வந்தது. அக்காவை விட்டுவிட்டு ஓடினேன் என்று சொல்லிச் சொல்லி, இத்தனை வருஷமாக நீ இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? அப்படி என்ன ஆகிவிட்டது எனக்கு? காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நவம்பரில் பெர்லின் சுவரே விழுந்தது. நீ அகதி முகாமில் போர்வைக்கு வரிசையில் நின்றாய், எனக்கு விடுதலை வாசலுக்கே வந்தது. யாருக்கடி லாபம்?

ஒன்றை மட்டும் நான் உன்னிடம் சொன்னதில்லை. கதவு சாத்தியபோது நான் அழுததைத் திரும்பிப் பார்த்தாயே, அதைத்தானே இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய்? உன் தோளுக்கு மேலிருந்து காட்யா எனக்குக் கையாட்டினாள். குழந்தை பத்திரமாக அந்தப் பக்கம் தாண்டிவிட்டாள் என்றுதான் அழுதேன், மார்லீஸ். அதைவிட நல்ல நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்த நாளுக்காக நீ மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம்தான் எனக்கு வலிக்கிறது.

பல் வேலை முடிய இரண்டு வாரம் ஆகும். பிக்னிக் நடந்த நாளுக்கு இங்கே பாட்டும் பீன்ஸ் சூப்புமாக அமர்க்களப்படுமாம். எதெல்கா உங்களுக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். மூவரும் வாருங்கள். குட்டிப் பெண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆசை தீர ஓடட்டும். நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். எந்தப் பக்கம் உட்காரலாம் என்று நீயே சொல்.

நீ மகராசியாக இருக்க வேண்டும், வந்துவிடு.

உன்மேல் ஒரு நாளும் கோபப்படாத
அக்கா,
ரோஸ்வீதா