பெயர் எழுதாத போர்டு

சேலையூர்,
20-4-1987

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயக்கொடி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எங்கள் கவலை.

உங்கள் கடிதம் கிடைத்தது. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் போட வேண்டும், பட்டறைச் சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடு, உன்னால் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் செய்ய முடியாது என்று எழுதியிருந்தீர்கள். மாமா, கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். செய்துவிட்டேன்.

சர்ச்சுக்காக நீங்கள் பாதியில் விட்டுப்போன செட்டுதான். பவர் சப்ளை போர்டு மட்டும்தானே பாக்கி? நீங்கள் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்ததை அப்படியே கார்பன் வைத்துச் செம்புத் தகட்டில் இறக்கினேன். கோடுகளை மூட நெயில் பாலிஷ் வாங்கிவந்தேன். அதற்கு அத்தை, "புருசன் மஸ்கட்ல கீறான், இவளுக்கு இன்னாத்துக்கு நகத்துக்குச் சாயம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பாலிஷ் படாத செம்பையெல்லாம் அரித்துவிடும் மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்து, துளை போட்டு, ரெகுலேட்டரை வைத்தால் மூன்று காலும் இடம் வலமாக மாறி நிற்கிறது! நீங்கள் வரைந்தது மேலிருந்து பார்த்து. செம்பு இருப்பது அடியில். பெரிய மேஸ்திரிதான் போங்கள்! புரட்டிப் போடாமல் இறக்கியது என் தப்பு, அதைத் தாளில் ஒரு வார்த்தை எழுதாதது உங்கள் தப்பு.

இரண்டாவது போர்டு சரியாக வந்தது. ஆனால் செட்டைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். ரேடியோ கடையில் கேட்டதற்குப் பெரிய கன்டென்சர் போடு என்றார்கள். போட்டேன், போகவில்லை. மூன்று நாள் அழாத குறை. அப்புறம் ஒரு காலை, குழாயடியில் நிற்கிறேன். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் நம் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. ஒரே பைப்பில் இரண்டு வீடு! குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து உங்கள் தாளைப் பார்த்தேன். டயோடிலிருந்து கன்டென்சருக்குப் போகும் கிரவுண்டுக் கோட்டின் நடுவிலேயே ஆம்ப்ளிஃபயர் கிரவுண்டையும் சேர்த்திருந்தீர்கள். அதே ஒரே பைப் கதைதான்! மூன்றாவது போர்டில் அதைப் பிரித்து, கன்டென்சர் காலிலிருந்தே தனிக் கோடு எடுத்தேன்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் சர்ச்சில் வைத்தோம். போதகர் ஏசுபாதம் ஐயா ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, செட்டு ஆன்ல கீதா இல்லியா?" என்று கேட்டார். "பேசிப் பாருங்க ஐயா" என்றேன். அவர் குரல் சும்மா கணீரென்று வந்ததே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் மூன்று மணி நேர ஆராதனையில் எல்லாரும் மௌனமாக இருந்தபோதும் ஒரு சத்தமில்லை. பின்வரிசையில் அத்தையோடு உட்கார்ந்து கேட்டேன். இப்போது அத்தை, "எம் மருமவ செஞ்சது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் போர்டை மருந்தில் போடும் முன்பே மூலையில் 'ஜெயக்கொடி, சேலையூர்' என்று பாலிஷால் எழுதியிருந்தேன். கோபம் வேண்டாம், செய்தவள் பெயர்தானே.

கோவளம் சர்ச்சிலும் இதே மாதிரி ஒன்று கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்பும் தாவீது அண்ணன் கையில் இந்தக் கடிதத்தோடு மாங்காய் ஊறுகாயும், கெட்டுப்போன அந்த முதல் போர்டும் அனுப்புகிறேன். பார்த்துச் சிரியுங்கள்.

கோவளத்துப் போர்டுக்குக் கோடெல்லாம் வரைந்தாகிவிட்டது. மூலையில் என் பெயருக்கு மேலே ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். மருந்தில் போடுவதற்கு முன்னால்தான் எழுத முடியும். போட்டபிறகு அந்த இடத்தில் செம்பே இருக்காது, உங்களுக்குத் தெரியாததா? தகட்டை அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள் மாமா. இங்கே வந்து போடுங்கள்.

உங்களை எந்தக் குறையும் இல்லாமல் நம் சாமி கங்கையம்மன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜெயக்கொடி