பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகும் கதைக்கலாம்

சல்லி,
திருகோணமலை.
02.09.2025

அன்பு மகள் யசோதராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை என்று முனகிக்கொண்டு கிடக்கிறது, அதை நான் கவனிப்பதில்லை. நீயும் மருமகன் நிருபனும் வயிற்றுக்குள் இருந்து உதைக்கிற ஆளும் பெர்கனில் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா காலையும் மாலையும் விளக்கு வைக்கிறாள். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் மாமியின் தம்பி வியாழக்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறார், பிள்ளை பெற்றபின் நீ சாப்பிட வேண்டிய சரக்குத்தூளை அம்மா வறுத்து இடித்து அவர் கையில் கொடுத்துவிடுகிறாள், அந்தப் பொதிக்குள் இதையும் வைக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை என்று தொடங்குவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். இது தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டிய கதை. நல்ல கதைதான், பயப்படாதே. ஒரு மாதமாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததில் எனக்கு நித்திரையே வரவில்லை.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் திகதிக்குப் பிறகு நீ எடுத்தால் எங்கள் பக்கம் அடிக்காது, கேட்டால் கடற்காற்றுக்குச் சிக்னல் நிற்பதில்லை பிள்ளை என்று சொல்வேன், அம்மாவும் பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்பாள். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுடைய டேட்டாதான் முடிந்துபோய்விடும். உன்னிடம் கேட்டால் அடுத்த நிமிசமே அங்கிருந்து காசு கட்டி ரீலோட் போடுவாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. டொக்டர் உன்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார், மருமகன் தனியாக இரண்டு வேலை செய்கிறார், அந்தக் காசில் நான் போனில் கதைப்பதா. ஆனால் யூன் பன்னிரண்டாம் திகதி நடந்ததை என்னால் மறக்க ஏலாது. நீ டொக்டரிடம் போய் வந்து பிரசர் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்பா எனக்குப் பயமாக் கிடக்கு என்றாய். அந்தச் சொல்லோடு போன் அடங்கிவிட்டது. நான் செருப்பும் போடாமல் சந்திக்கு ஓடினேன், ரீலோட் போடுகிற றுவைஸ் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். விடிய ரீலோட் போட்டு எடுத்தபோது நீ, அது சும்மா சொன்னனான் அப்பா, இப்ப ஒண்டுமில்லை என்று கதையை மாற்றிவிட்டாய். நான் பயம் எண்டு சொன்ன உடன அப்பா போனை வைச்சிட்டார் என்று நீ அழுததாக மருமகன் பிறகு எனக்குச் சொன்னார். நான் வைக்கவில்லை பிள்ளை. அதைச் சொல்லப் போனால் டேட்டா முடிந்த கதையைச் சொல்ல வேண்டும், வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு, பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வர அம்மாவுக்குப் போட்ட விசாவும் சரிவரவில்லை. பிள்ளை பிறக்கிற நேரம் அம்மா போனிலயாவது என்னோட இருக்கோணும் என்று நீ கேட்டாய், அம்மாவும் தலையாட்டிவிட்டாள். உனக்கு நாள் குறித்திருப்பது இந்த மாதம் இருபத்தாறாம் திகதி. பன்னிரண்டாம் திகதியோடு செத்துப்போகிற போனை வைத்துக்கொண்டு இருபத்தாறாம் திகதிக்கு நான் எங்கே போவது.

முப்பது வருசமாக வள்ளத்து எஞ்சின் திருத்துகிறேன். எஞ்சின் எண்ணெய் கூடக் குடிக்கிறது என்று ஒருவன் வந்தால் நான் அவனை இன்னும் எண்ணெய் ஊற்றச் சொல்வதில்லை, எங்கே ஒழுகுகிறது என்றுதான் பார்ப்பேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான், என் கையில் இருக்கிற போனை நான் அப்படிப் பார்க்கவே இல்லை, மாதாமாதம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். யூலை தொடக்கத்தில்தான் புத்தி வந்தது. நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டு, டேட்டாவை நிற்பாட்டி, ஒருவருக்கும் கோல் எடுக்காமல் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அம்மா இந்த மனிசனுக்கு என்ன பிடிச்சிட்டுது என்று குசினிக்குள் நின்று புறுபுறுத்தாள். அடுத்த நாள் காலையில் திறந்து பார்த்தால் நூறு ரூபாய் எழுபத்தொன்றாகக் குறைந்து நிற்கிறது. ஓடாமல் கிடக்கிற எஞ்சின் எண்ணெய் குடிக்குமோ என்று அம்மாவைக் கேட்டேன். எலி திண்டிருக்கும் என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோசம், ஒழுகுகிற இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே. நேரே றுவைஸின் கடைக்குப் போனேன். அவன் ஏதோ இலக்கங்களை அமத்திப் பார்த்துவிட்டு, துரையண்ணே, உங்கட போனில அஞ்சு சேவை ஓடுது, நாளாந்தம் காசு வெட்டுறாங்கள், பிறகெங்க டேட்டாவுக்குக் காசு மிஞ்சும், இதெல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்ட டவுனில இருக்கிற போன் கொம்பனிக் கந்தோருக்குத்தான் போகோணும் என்றான்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். இலக்கச் சீட்டு எடுத்து ஏசிக் குளிருக்குள் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்தோம், அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டாள். மேசையில் இருந்தது உன் வயதுப் பிள்ளை ஒன்று, நல்ல பிள்ளை, கணினியைப் பார்த்துச் சத்தமாக வாசித்தது. கிரிக்கெட் ஓட்டங்கள் ஒன்று. சிங்களத்தில் ராசிபலன் ஒன்று, அது அரசாங்கத்தின் அறிவித்தல் என்று நினைத்து அம்மா தினமும் மரியாதையாகத் திறந்து பார்த்து மூடுகிறவள். நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல் ஒன்று, எட்டு மாதம் காசு கட்டிப் படித்திருக்கிறேன், ஒரு சொல்லும் ஏறவில்லை. நாலாவது, எனக்குக் கோல் எடுக்கிற ஆட்களுக்குக் கேட்கிற பாட்டு. அது எடுக்கிறவர்களுக்குத்தான் கேட்குமாம், எனக்குக் கேட்காதாம். எட்டு மாதமாக எஞ்சின் பழுதென்று கடலுக்குள் நின்று எடுத்த சனமெல்லாம் குடித்துவிட்டு ஆடுகிற பைலாப் பாட்டுக் கேட்டிருக்கிறது, ஒருத்தனும் ஒரு சொல் சொல்லவில்லை, துரையருக்கு இந்த வயதில் இப்படி ஒரு ஆசை என்று விட்டுவிட்டார்கள் போல. அஞ்சாவதை அந்தப் பிள்ளை கொஞ்சம் குரலைக் குறைத்து வாசித்தது, புதிய சிநேகிதர்களைத் தேடிக் கதைக்கிற சேவையாம். அம்மா தலைப்பை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அறுவத்திரண்டு வயசில ஆரைத் தேடுறியள் என்று அவ்வளவு பேருக்கு முன்னால் கேட்டாள்.

ஐயா, இதெல்லாம் நீங்கள் விரும்பிப் பதிஞ்சதாத்தான் காட்டுது என்று அந்தப் பிள்ளை சொன்னது. நான் ஏன் பிள்ளை விரும்புறன் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. போன மார்கழியில் நீ வந்து நின்றபோது வட்ஸ்அப் போட்டுத் தந்துவிட்டு, அப்பா, இதில என்ன வந்தாலும் ஓக்கே எண்டதை அமத்துங்கோ, யோசிக்காதேங்கோ என்று சொன்னாய் அல்லவா. நீ சொன்ன சொல்லை நான் தட்டவில்லை. எட்டு மாதமாக என்ன வந்ததோ எல்லாவற்றுக்கும் ஓக்கே. வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டும் அமத்தியிருக்கிறேன், கையில் எண்ணெய் என்றால் அம்மாவைக் கூப்பிட்டு அமத்தச் சொல்லியிருக்கிறேன். உன்னில் பிழை இல்லை மகள், நீ சொன்னது அன்றைக்கு வந்ததற்கு மட்டும்தான், நான்தான் ஆயுளுக்கும் எடுத்துக்கொண்டேன். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது, பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள், கடைசியில் அம்மாவும் சிரித்தாள், நான் தப்பினேன்.

சிரித்தாலும் கெட்டிக்காரி. அஞ்சையும் நிற்பாட்டிய பிறகு, வேற என்னத்துக்கு ஐயா டேட்டா பாவிக்கிறியள் என்று கேட்டது. உன்னைப் பற்றிச் சொன்னேன், இருபத்தாறாம் திகதியைப் பற்றியும் சொன்னேன். அது நான் மாதாமாதம் எடுக்கிற டேட்டாப் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு, ஐயா, இதில அரைவாசி இரவு பன்ரெண்டு மணிக்கும் விடியக் காலமை எட்டு மணிக்கும் இடையிலதான் வேலை செய்யும், அது ஒவ்வொரு மாதமும் தொடாமலே முடிஞ்சு போகுது என்றது. நாங்கள் ஒன்பது மணிக்குப் படுக்கிற ஆட்கள். பாதிக் காசை நித்திரைக்குக் கொடுத்திருக்கிறோம். எல்லா நேரமும் பாவிக்கிற, அதைவிட மலிவான பொதி ஒன்றைப் போட்டுத் தந்தது. போனில் எடுக்கிற படங்கள் தானாக எங்கேயோ மேலே ஏறிக்கொண்டிருந்தனவாம், அதையும் நிற்பாட்டி, பேஸ்புக்கில் வீடியோ தன்பாட்டில் ஓடுவதையும் நிற்பாட்டியது. அம்மாவின் சமையல் வீடியோக்கள் போய்விட்டன. எனக்கு மீன் குழம்பு வைக்க ஆர் சொல்லித்தரோணும், பிள்ளையோட கதைச்சா எனக்கு அதுவே காணும் என்றுவிட்டாள்.

ஒரு எஞ்சினைத் திருத்தினால் கடலில் ஓட்டிப் பார்க்காமல் ஆளிடம் கொடுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இதையும் ஓகஸ்ட் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாம் திகதி போனது. பதினைந்து போனது. இருபதாம் திகதி நீ எடுத்து முக்கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு, அப்பா, இப்ப சிக்னல் நல்லாயிட்டுதே என்று கேட்டாய், புது டவர் போட்டிருக்கிறார்கள் என்றேன். டவரும் இல்லை ஒன்றும் இல்லை, அதுவும் பொய், இதோடு சேர்த்து மன்னித்துக்கொள். இருபத்தாறாம் திகதி விடிய நான் அம்மாவை எழுப்பிப் போனைக் காட்டினேன், மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிச்சம் நின்றது. அம்மா போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு போய்ச் சாமித்தட்டில் வைத்தாள், பிறகு உனக்கு எடுக்க வேண்டும் என்று அவளே எடுத்துவந்தாள். முந்தியதில் பாதிக் காசுதான் இப்போது போகிறது. மிச்சத்தை நான் தொடவில்லை, அதில் இன்னொரு பொதி வாங்கி இந்த மாதத்துக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். டேட்டா குறைவாகப் போகட்டும் என்று வீடியோவை மங்கலாக வைத்திருக்கிறோம், அன்றைக்கு மட்டும் அதைத் தெளிவாக்கிவிடுவேன், பேரப்பிள்ளையின் மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். கரண்ட் போனாலும் பயமில்லை, வள்ளத்து பற்றரியில் போனுக்குச் சார்ஜ் ஏற வயர் இழுத்து வைத்துவிட்டேன்.

ஆகவே மகள், வலி தொடங்கினால் இங்கே என்ன நேரம் என்று யோசிக்காதே. பிள்ளை பெறுகிற அறைக்குள் போன் விடுவார்களா என்று மருமகனை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லு, விட்டால் தலையணைப் பக்கத்தில் சாத்தி வைக்கட்டும். ஒன்றும் கதைக்க வேண்டாம். கத்த வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கத்து, அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், நான் வெளியே வாசலில் நிற்பேன். பத்து மணித்தியாலம் ஆனாலும் சரி, ஒரு நாள் ஆனாலும் சரி, போன் அப்படியே திறந்து கிடக்கட்டும். அதற்கு முன்னம் ஒரு வேலை இருக்கிறது. உனக்கு என்ன பயம் என்று அன்றைக்கு நீ சொல்லி முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குச் சொல்லு. ஆறுதல் சொல்ல அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கத் தெரியும்.

உனக்கும் மருமகனுக்கும் வருகிற குஞ்சுக்கும் அம்மனின் துணை எந்நேரமும் இருக்கட்டும், சுகப்பிரசவமாகத் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். சரக்குத்தூளைக் குளிருக்குள் வைக்கக்கூடாது, போத்தலில் இறுக்கி மூடி அலுமாரியில் வைக்கட்டாம், இது அம்மா சொன்னது. உப்பைக் குறை, இது டொக்டர் சொன்னதை நான் சொல்வது. கடிதம் வாசித்து முடிந்ததும் திகதி பார்க்காமல் எடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
க. தங்கத்துரை