குண்டுக்குத் தாள் சட்டை

தாயில்பட்டி
7-1-1963

அன்புள்ள ராஜசிங்குக்கு,

நானும் மூக்கம்மாளும் சுகம். கடலைக்குத்தான் சுகமில்லை. காட்டுப்பன்றி வாரத்தில் மூன்று நாள் குடும்பத்தோடு பந்திக்கு வருது. மேலக்காட்டில் பாதி போயிருச்சு.

வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகையில் எனக்கு விற்ற ரைபிள் சும்மா கிடக்கு. லைசென்ஸ் இருக்கு, தோட்டா இல்லை. செம்புச் சட்டை போட்ட சீமைக் குண்டு இனி வராது என்று மதுரைக் கடைக்காரன் கையை விரிச்சுட்டான். அதனால் காலித் தோட்டாவில் நானே மருந்து நிரப்பி, ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துப் போட்டேன். உங்கள் பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சியில் நீ காட்டின மாதிரி வேப்பமரத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, சுட்டால் எம்புட்டு தூரம் ஆடுது என்று அளந்தேன். மிச்சமிருந்த ஒற்றைச் செம்புக் குண்டுக்கு ஒரு சாணும் நாலு விரலும். ஈயத்துக்கு முதல் வெடியில் கிட்டத்தட்ட அதே. ஐந்தாவது வெடியில் ஒரு சாண்கூட இல்லை. அதே மருந்து, அதே எடை. ஏலே வாத்தியாரே, நாற்பது வருசம் ஊரான் பிள்ளைக்குச் சொன்னியே, எனக்கு இதைச் சொல்லு.

உன்
பெத்தணன்

விருதுநகர்
11-1-1963

பிரியமுள்ள பெத்தணன்,

ஆண்டவர் கிருபையில் நலம். ரிடையரான பிறகு என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால் உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

கரும்பலகையில் சாக்குக்கட்டியை அழுத்தி இழுத்தால் என்ன ஆகும்? கொஞ்சம் பலகையிலேயே தங்கிவிடும். ஈயமும் அப்படித்தான். மெத்தென்ற உலோகம், வேகமாக உரசும்போது குழாய்க்குள் தன்னைப் பூசிவிட்டுப் போகிறது. அடுத்த குண்டு அந்தப் பூச்சின்மேல் சரியாகப் பொருந்தாமல் ஓடும். பின்னாலிருந்து தள்ளவேண்டிய புகை இடுக்கு வழியாக முன்னால் ஓடிவிடும். வேகம் குறையும். செம்புச் சட்டை அதைத் தடுக்கத்தான்.

செம்பு கிடைக்காத காலத்தில் குண்டுக்குத் தாள் சுற்றிச் சுட்டார்கள் என்று படித்திருக்கிறேன். குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார். வெளியே போனதும் தாள் கிழிந்து பறந்துவிடும். பட்டாசுக் கம்பெனிக்கு வெடிக்குழாய் சுற்றுகிற தங்கச்சி மூக்கம்மாளுக்கு இது ஒரு வேலையா? உனக்குப் புரிகிற உதாரணமாகச் சொல்கிறேன்: தளர்ந்த வெடி புஸ்ஸென்று போகும், இறுகிய வெடிதான் பேசும். குண்டும் அப்படியே.

அன்புடன்
ராஜசிங்

தாயில்பட்டி
3-2-1963

அன்புள்ள வாத்தியாருக்கு,

ஜெயித்துவிட்டோம்! இரண்டு சுற்றுத் தாளுக்கு ஒரு சாண் மூன்று விரல். பத்து வெடிக்கும் குறையவில்லை. உன் கடிதத்தை மூக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "இறுகினால்தான் பேசும்னு அண்ணனே சொல்லிட்டாக, பெறகென்ன?" என்று அவளே மூன்றாவது சுற்றும் சுற்றி, பசை தடவி, வெடிக்குழாய்க்குத் தேய்க்கிற கட்டையாலேயே தேய்த்து இறுக்கிக் கொடுத்தாள். காய்ந்ததும் கல்லு மாதிரி ஆயிருச்சு. கட்டைவிரலால் பலமாக அமுக்கித்தான் உள்ளே தள்ள முடிஞ்சது. மூட்டை ஒரு சாண் ஆறு விரல் ஆடியது! சீமைக் குண்டையே மிஞ்சிட்டோம். சுட்ட தோட்டாதான் வெளியே வரமாட்டேன் என்று அடம். கட்டையால் துப்பாக்கிப் பூட்டைத் தட்டித் திறந்து எடுத்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை விடியலில் பன்றியை மடக்க நாள் குறித்தாச்சு. இருபது குண்டு சுற்றி வெயிலில் காயுது. உனக்கும் கறி அனுப்புவேன். உன் வீட்டுக்காரி மேரி சமைக்க மாட்டேன் என்றால் என்னிடம் சொல்லு.

பெத்தணன்

விருதுநகர்
6-2-1963, மத்தியானம்

பெத்தணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அந்த இருபது குண்டையும் தொடாதே.

நான் சொன்ன உதாரணம் தப்பு. வெடி, உடைவதற்காகச் செய்தது. துப்பாக்கி, உடையாமல் இருப்பதற்காகச் செய்தது. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டேன். மருந்தைக் கூட்டாமலே மூட்டை கூடுதலாக ஆடியதே, அது ஜெயம் இல்லை. குண்டு இறுகி நகர மறுக்க, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. தோட்டா வெளியே வராமல் ஒட்டிக்கொண்டது அதற்குச் சாட்சி. சோற்றுப் பானையின் மூடிமேல் அம்மிக்கல்லை வைத்த கதை. நீ கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்க்கிற இடத்துக்கு நாலு விரல் முன்னால்தான் அந்தப் பானை இருக்கிறது.

தபால் வெள்ளிக்குள் வராது. சாத்தூர் பஸ் கண்டக்டர் மொக்கைச்சாமி என்னிடம் படித்தவன். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

ராஜசிங்

விருதுநகர்
13-2-1963

அன்புள்ள பெத்தணன்,

வெள்ளி போய் ஐந்து நாள் ஆகிறது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடுகிறேன். மேரி சிரித்தாள், நேற்றிலிருந்து அவளும் சிரிப்பதில்லை. கோபமென்றாலும் எழுது. வெறும் கார்டில் உன் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.

ராஜசிங்

தாயில்பட்டி
20-2-1963

அன்புள்ள ராஜசிங்,

சுகம். உன் கடிதம் வியாழனே வந்தது. நான் சுடவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். கண் மங்கல், அதான் எழுத்து கோணல். இப்போது வராதே, இங்கே அம்மை கண்டிருக்கு.

பெத்தணன்

விருதுநகர்
23-2-1963

என் பெத்தணா,

உன் கடிதத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் மை ஈரத்தோடு வலப்பக்கம் இழுபட்டிருக்கிறது. எழுதிய எழுத்தின்மேலேயே கை நகர்ந்துபோயிருக்கிறது. நாற்பது வருசத்தில் எத்தனை நோட்டுத் திருத்தியிருப்பேன்? இடக்கைப் பிள்ளைகளின் நோட்டுத்தான் இப்படி இருக்கும். நீ இடக்கைக்காரன் இல்லை.

இன்று பஸ் நிலையத்தில் மொக்கைச்சாமியைப் பிடித்தேன். வீட்டில் ஒரு சாவு, துட்டி என்று மூன்று நாள் லீவாம். "சனிக்கிழமைதான் சார் குடுத்தேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான். வியாழன் என்று நீ எழுதியது பொய்; வெள்ளி விடியலில் என் கடிதம் உன் கையில் இல்லை.

தங்கச்சி தன்னை நொந்துகொண்டிருப்பாள். அவளுக்கு இதை வாசித்துக் காட்டு: மூன்றாவது சுற்று அவள் சுற்றியது இல்லை, என் கடிதம் சுற்றியது.

நாளை ஞாயிறு. கோவில் ஆராதனைக்குப் போகவில்லை, முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மை இருந்தால் இருக்கட்டும். என்னைத் திட்டுவதற்கு நல்ல வார்த்தையாக எடுத்து வை. ஆனால், வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மட்டும் வாசலில் நிற்காதே.

உன்
ராஜசிங்