நல்ல கையைத்தான் கட்டினோம்

என்னைப் பெற்றவளுக்கு, இந்த வாரத்தின் செய்தி முழுவதும்.

அம்மா, ஆஸ்பத்திரியில் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் ஒரு பெண்ணை ஆண்கள் வாட்டில் இருக்க விட்டது ஏன் என்று. இன்று காலை கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேற்றன் திங்கட்கிழமை முடிவு சொல்வார்.

அந்தப் பெண் தன் கணவனுக்குப் பக்கத்தில் இருக்கலாமா, போக வேண்டுமா என்பதுதான் முடிவு. எனக்கு என்ன நடக்கும் என்பது அதற்குப் பிறகு.

உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் அவர்களுடைய ஊர், உறவு, யார் யாருக்குக் கலியாணம் பேசியிருக்கிறது எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருப்பீர்கள்.

அவர் பெயர் பவளம். ஊர் நிலாவெளி. கணவர் மகேந்திரம், கடற்தொழில். போன வெள்ளிக்கிழமை பக்கவாதத்தோடு கொண்டுவந்தார்கள். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியே குழாய் வைத்துச் சாப்பாடு. மனைவி பக்கத்தில் இருக்கும்வரை மனிதர் அமைதி. மணி அடித்து அவர் போனதும் இடது கையால் குழாயைப் பிடுங்கிவிடுவார். இரண்டு நாளில் மூன்று தடவை.

அதனால் கட்டினோம். மணிக்கட்டில் பஞ்சு சுற்றி, பன்டேஜ் துணியால், கட்டில் கம்பியோடு. நோயாளியின் பாதுகாப்புக்காக என்று அவருடைய சிகிச்சைச் சீட்டில் எழுதினேன். எழுத்து என்னுடையதுதான்.

வலது கை தானாகவே கிடந்தது. நல்ல கையைத்தான் கட்டினோம்.

பவளம் அக்கா வந்ததும் முதல் வேலையாக அந்த முடிச்சை அவிழ்ப்பார். யாரிடமும் கேட்கமாட்டார். பிறகுதான் பையைக் கீழே வைப்பார். திங்கட்கிழமை பகல் மணி அடித்தது. நேரம் முடிந்தது என்று சொல்லப் போனேன். அவர் பன்டேஜ் துணியை என் கையில் தந்தார்.

"நீங்களே கட்டுங்கோ தம்பி. என்னால ஏலாது."

நான் கட்டவில்லை. "இருங்கோ அக்கா," என்றேன். யோசித்துச் சொன்னதா? அதைத்தான் எழுத்தில் கேட்டார்கள். நான் அதை ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன வருடம் நீங்கள் ஒன்பது நாள் பெண்கள் வாட்டில் இருந்தீர்கள். இருதயம் களைத்து, கால் வீங்கி, மூன்று தலையணையில் சாய்ந்தபடி. விறாந்தைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வாட்டில் நான். சேட்டும் காற்சட்டையும் போட்டு மகனாக வந்தால் பார்வையாளர் நேரம் மட்டும்தான். வெள்ளை உடுப்பில் வந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆகவே வெள்ளை உடுப்பிலேயே வந்தேன். நாளுக்குப் பத்துத் தடவை. ஒட்சிசன் அளவு பார்ப்பேன். சிறுநீர் அளவு பார்ப்பேன். வீங்கிய காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். சீட்டைப் படிப்பேன். போய்விடுவேன்.

பார்வையாளர் நேரத்தில் மட்டும் நான் வந்ததில்லை. அந்த நேரம் என் வாட்டு வாசலில் நின்று மற்றவர்களின் சொந்தக்காரரை எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் சொன்னீர்கள்.

"எல்லாருக்கும் ஆக்கள் வருகினம். நீ டியூட்டிக்கு வாறாய்."

"அம்மா, நான் முழுநாளும் இஞ்சதானே நிக்கிறன்."

"ஓம். நிக்கிறாய். வரேல்லை."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த முஸ்லிம் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் வாயை எனக்குத் தெரியாதா? பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் அது ஒரு பாடம். பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன். நல்ல புள்ளி. விடுமுறையில் வந்து குசினி வாசலில் நின்று உங்களுக்கு அதை விளக்கினேன். நோயாளி என்பவர் தனி ஆள் இல்லை, அவரோடு ஒரு குடும்பமும் நோயில் கிடக்கிறது, தாதி அவர்கள் எல்லாரோடும் இருக்க வேண்டும். நீங்கள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "வருத்தக்காரருக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கும் ஒரு பட்டமோ?"

ஒன்பதாம் நாள் பகல், பார்வையாளர் நேரம். விறாந்தையில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வந்தபோது பக்கத்துக் கட்டில் உம்மாவின் மகள் உங்கள் கையைப் பிடித்தபடி இருந்தார். கிண்ணியாவிலிருந்து தன் தாயைப் பார்க்க வந்த பெண்.

"தண்ணி கேட்டாங்க. குடுக்கலாமா எண்டு தெரியல்ல," என்றார். "கையப் புடிச்சிட்டு இருந்தன்."

நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? ஒட்சிசன் போத்தலில் குமிழி வருகிறதா என்று. உங்கள் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மூச்சு ஏற்கனவே நின்றிருந்தது.

இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. விளக்கக் கடிதத்திலும் இல்லை. அங்கே எழுதினால் இரக்கம் கேட்டதாகிவிடும். எனக்கு இரக்கம் தேவையில்லை. ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருக்க ஒரு கதிரை தேவை.

ஆனால் நான் ஒரு பிழை செய்தேன் அம்மா. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

செவ்வாய்க்கிழமை. பவளம் அக்கா ஒரு இரவு முழுவதும் பக்கத்தில் இருந்திருந்தார். குழாய் அசையவில்லை. எனக்குப் பெருமை. வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. வேலை இருந்தது, அவசரம் இருந்தது, அவர் தலையாட்டினார், நான் போய்விட்டேன். காலை பத்து மணிக்கு அவர் பிளாஸ்கிலிருந்து இரண்டு கரண்டி தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்.

மனிதர் புரைக்கேறி நீலம் பாரித்துப் போனார். ஓடி வந்து தொண்டையை உறிஞ்சி எடுத்தோம். மூச்சு வந்தது. அடுத்த நாள் காய்ச்சலும் வந்தது. நெஞ்சுப் படம், ஊசி மருந்து. நேற்றுத்தான் காய்ச்சல் விட்டது.

"சோறுதானே தம்பி வேண்டாமெண்டனீங்கள்," என்று அழுதார் அவர். "நாக்கு காஞ்சு ஓடு மாதிரிக் கிடந்தது. நான் என்ன விரோதியே இவருக்கு?"

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். முப்பது வருடம் இந்த வேலையில் நிற்பவர். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்பு பிழையான பாதையால போனாலும் நியூமோனியாதான். விளங்குதோ?"

"ஓம் சிஸ்டர்."

"நாப்பத்தொரு நோயாளி. ரெண்டு பேர் டியூட்டி. ஒருத்திய நீர் இருத்தினா, நாளைக்கு நாப்பத்தொரு பேரும் வந்து நிப்பினம்."

"நிக்கட்டும் சிஸ்டர்."

"கதிரை ஆர் தாறது? நீர் வீட்டில இருந்து கொண்டாறீரோ?"

பவளம் அக்கா வெளியே அனுப்பப்பட்டார். கை மறுபடியும் கட்டப்பட்டது. புதன்கிழமை அந்த மணிக்கட்டில் சிவந்த வளையம். வியாழக்கிழமை தோல் உரிந்திருந்தது. பார்வையாளர் நேரத்தில் பவளம் அக்கா அதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பஞ்சை நனைத்து, நாக்கைத் துடைப்பது எப்படி என்று அவருக்குக் காட்டினேன்.

என்னோடு வேலை செய்யும் நிரோஜனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் இறால் கறிக்காகவே நம் சாம்பல்தீவு வீட்டுக்கு வருவானே, அவன்தான். எனக்காக மன்னிப்புக் கடிதத்தை அவனே எழுதிக்கொண்டு வந்தான்.

"ரெண்டு வரி மச்சான். வேலைப்பளு காரணமாகக் கவனிக்கத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். முடிஞ்சுது. எல்லாரும் இதைத்தான் எழுதிறது."

"கவனிச்சுத்தானேடா விட்டனான்."

"உன்ர கவனிப்பை ஆர் கேட்டது? தூர ஊருக்கு மாத்திப்போட்டால் தெரியும். பஸ்ஸில ஆறு மணித்தியாலம் இருந்து யோசி."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த வீட்டை யார் பார்ப்பது? உங்கள் கோழிகளில் ஏற்கனவே இரண்டுதான் மிச்சம். மற்றவற்றைக் கீரி கொண்டுபோய்விட்டது. நீங்கள் இருந்திருந்தால் கீரிக்குப் பயம் இருந்திருக்கும்.

இருந்தாலும் அந்த இரண்டு வரியை என்னால் எழுத முடியவில்லை. கவனிக்கத் தவறிய நாள் எனக்கு வேறொன்று இருக்கிறது. அந்தச் சொல்லை இதற்குச் செலவழிக்கமாட்டேன்.

நான் எழுதியது இது. தெரிந்துதான் விட்டேன். மனைவி பக்கத்தில் இருந்த நேரத்தில் நோயாளி ஒரு தடவையும் குழாயைப் பிடுங்கவில்லை, கட்டத் தேவை வரவில்லை. தேத்தண்ணி கொடுக்கப்பட்டது என் பிழை. அவருக்குக் காரணத்தை விளக்கி, அவர் விளங்கிக்கொண்டாரா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஒரு கட்டிலுக்கு ஒருவர், பெயர் பதிந்து, கை கழுவி, செய்ய வேண்டியதை எங்களுக்கு முன்னால் செய்து காட்டிய பிறகு இருக்கட்டும். நோயாளிகளுக்கு உடுப்பு மாற்றும் நேரம் திரை போடலாம். எங்கள் வேலை அதிகமாகாது, குறையும். அப்படிக் குறையாவிட்டாலும் இது எங்கள் வேலைதான்.

கடைசி வசனத்தை எடுத்துவிடு என்றான் நிரோஜன். எடுக்கவில்லை.

இன்று பகல், பார்வையாளர் நேரம் தொடங்கியபோதுதான் சிஸ்டர் அதை வாசித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நின்றபடியே.

"இதில மன்னிப்பு எங்க இருக்கு?"

"ரெண்டாம் பந்தியில சிஸ்டர். தேத்தண்ணிக்கு."

"இருத்தினதுக்கு?"

"இல்லை."

கடிதத்தை மடித்தார். மேசையில் இரண்டு தரம் தட்டினார்.

"அவ வந்திட்டாவோ? வாரும்."

பவளம் அக்கா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். இன்னும் ஏதோ குற்றம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். சிஸ்டர் கட்டில் காலடியில் நின்று கொண்டு, "இவருக்கு ஏன் வாயால குடுக்கக் கூடாது? சொல்லுங்கோ பாப்பம்," என்றார்.

"தொண்டையில பாதை பிசகிப் போச்சு மிஸ். வயித்துக்குப் போக வேண்டியது நெஞ்சுக்குப் போயிடும்."

"நாக்குக் காஞ்சால்?"

"பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கிறது. தம்பி காட்டித் தந்தவர்."

"அவர் கண்ணால தேத்தண்ணி கேட்டால்?"

"இனி அவர் கடலையே கேட்டாலும் குடுக்கமாட்டன் மிஸ்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். "செய்து காட்டுங்கோ," என்றார்.

பவளம் அக்கா கை கழுவினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். குழாய் இடத்தில்தான் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தார். பாலைக் குழாய்க்குள் அவசரப்படாமல் விட்டார். கஞ்சிக்குப் பக்குவம் பார்த்த கை, அளவு தப்பவில்லை. நேற்றும் அதற்கு முதல் நாளும் அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பழகியதுதான் அவ்வளவும். சிஸ்டர் ஒரே ஒரு இடத்தில் குனிந்து, விழுந்து கிடந்த வலது தோளுக்குக் கீழே தலையணையை வைத்தார்.

"இந்தக் கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. மூட்டு கழண்டிடும். இதை ஏன் இவர் உங்களுக்குச் சொல்லேல்லை?"

நான் சொல்லியிருக்கவில்லை. அம்மா, மறுபடியும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "திங்கள் வரைக்கும் இருக்கட்டும். கடிதத்தை மேற்றனிட்ட நான் குடுக்கிறன். உமக்காக வாதாடமாட்டன். அது உம்மட வேலை."

மணி அடித்தது. ஆட்கள் எழும்பினார்கள், பைகளை எடுத்தார்கள், போத்தல்களை மூடினார்கள். பவளம் அக்கா எழும்பவில்லை. அவிழ்த்த பன்டேஜ் துணியைச் சுருட்டிக் குப்பைக்குள் போட்டேன்.

அப்போது சிஸ்டர் சொன்னது நடந்தது. எதிர்க் கட்டிலில் தகப்பனைப் பார்க்க வந்த ஒரு பெண் கதவடியில் நின்றார். பாலையூற்றில் தையல் கடை வைத்திருப்பவர். "ஏன் தம்பி, அவவுக்கு மட்டும்தானோ? நாங்கள் என்ன ரோட்டில நிக்கிற ஆக்களோ?" அவருக்குப் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கோபமாகத்தான் நின்றார்கள். நிரோஜன் தூரத்திலிருந்து, பார்த்தியா, என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் கதவைச் சாத்துவேன். நீங்கள் கிடந்த ஒன்பது நாளும் அப்படித்தான் சாத்தினேன்.

ஒரு தாளை எடுத்துப் பெயர்களைக் கேட்டேன். யார், யாருக்கு, எந்த நேரம் இருக்க முடியும், நோயாளியைத் திருப்பத் தெரியுமா, தெரியாவிட்டால் நான் எப்போது காட்டித்தரலாம். தாளைக் கண்டு இன்னும் ஆட்கள் வந்தார்கள், பதினொரு பெயர். ஒருவர் ஏலாது என்றார், அவருக்கு வேலை. அதையும் எழுதினேன். தாதியர் எண்ணிக்கை கூடப்போவதில்லை, கட்டில்களுக்கு நடுவே இடமும் கூடப்போவதில்லை. எனக்குத் தெரியும். ஒரேயடியாகப் பதினொரு பேரை உட்கார வைக்க முடியாது. மூன்று பேரோடு தொடங்கலாம்.

திங்கட்கிழமை அந்தத் தாளோடு மேற்றன் அறைக்குப் போகிறேன்.  பதினொரு பெயரையும் வாசிப்பேன். ஏலாது என்றால் மூன்று பெயர் கேட்பேன். அதுவும் ஏலாது என்றால் மகேந்திரம் ஐயாவுக்கு மட்டும் கேட்பேன். அடுத்த கிழமை திரும்பவும் பதினொன்றில் தொடங்குவேன்.

என்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் மாற்றட்டும். அங்கேயும் கட்டில்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்பார். அவர் பெயரைக் கேட்டு உள்ளே கூப்பிடுவேன், செய்ய வேண்டியதைக் காட்டுவேன், ஏன் என்றும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு அம்மா. வேறு யாருக்கும் தரவில்லை, ஆனால் எல்லாரும் கேட்கட்டும்.

உங்கள் ஒரே பிள்ளை,
சாம்பல்தீவு வீட்டிலிருந்து.